கையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவள்

அவளைப் பற்றி நல்லதாக ஒரு பக்கம் எழுதிவிட வேண்டும் என்று மூன்று தடவை உட்கார்ந்தேன். மூன்று தடவையும் நாலாவது வரியிலேயே வயிறு எரிந்தது. சரி, எரிகிற வயிற்றோடேயே எழுதிவிடுவோம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பெயர் மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர், "தங்கமானவங்க டீச்சர் அந்தம்மா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதை இன்னொரு தடவை கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

அவள் வருவதற்கு முன்னால் எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் பேனா என்றால் நான்தான். நான் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பிலிருந்து மை பேனாவில்தான் எழுத வேண்டும். பிள்ளைகள் பேனாவைக் கீழே போட்டு நிப் முள்ளை வளைத்துக்கொண்டு வந்து அழும். ஒரு கோடை விடுமுறையில் போனில் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். கண்ணில் செருகிக்கொள்கிற பூதக்கண்ணாடி, முள்ளின் பிளவுக்குள் நுழைகிற மெல்லிய பித்தளைத் தகடு, உப்புத்தாளிலேயே தொட்டால் பட்டுத் துணி போலிருக்கிற நைசான ரகம், எல்லாம் ஆன்லைனில் வரவழைத்தேன். சாப்பாட்டு மேசைதான் பட்டறை. முள்ளின் இரண்டு கால்களும் சமமாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன், பிளவில் காய்ந்த மையை எடுப்பேன், நுனியிலிருக்கிற குண்டு உலோகத்தை உப்புத்தாளில் எட்டுப் போட்டு எட்டுப் போட்டு இழைப்பேன். பிறகு எழுதிப் பார்ப்பேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி போகும். அப்படிப் போகும்போது எனக்கு வருகிற திமிர் இருக்கிறதே, அதற்காகவே காசு வாங்காமல் செய்தேன்.

ஆனால் ஒன்று. நான் சரி பண்ணிக் கொடுத்த பேனாக்களில் சில திரும்பி வரும். "டீச்சர், உங்க கையில நல்லா எழுதுது, எங்கிட்ட வந்தா கீறுது" என்பார்கள். நான் வாங்கி அவர்கள் முன்னாலேயே எழுதிக் காட்டுவேன். வழுக்கிக்கொண்டு போகும். பேனா நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் பிடிக்கிற விதம்தான் தப்பு என்று அனுப்பிவிடுவேன். பேனா பிடிக்கிற விதத்தைத் திருத்துவதில் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தனிப் பெயர் உண்டு.

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிர் வரிசையில் அவள் குடிவந்தபோது எனக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. அவள் வீட்டுக்காரர் தெர்மல் பவர் ஸ்டேஷனில் டெக்னீஷியன், அதிகம் பேசாத மனுஷன். அவளுக்குப் பண்ருட்டிப் பக்கம் பிறந்த வீடு. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலுமாகப் பத்து வருஷம் அங்கே ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்த்திருக்கிறாள். பல்செட்டை இழைத்து மெருகு போடுகிற வேலை. பேனா பக்கம் அவள் வந்ததே அந்த டாக்டரால்தான். அவர் மருந்துச் சீட்டு எழுதுகிற பேனா ஒருநாள் மக்கர் பண்ண, பல் இழைக்கிற கையாலேயே அதையும் இழைத்துக் கொடுத்தாளாம். அவ்வளவுதான் அவளுடைய படிப்பு. நான் ஒரு கோடை முழுக்கக் கண் வலிக்க வீடியோ பார்த்தது இங்கே யாருக்கும் கணக்கில்லை.

முதல் அடி எங்கள் ஹெச்.எம். வழியாக வந்தது. அவர் பேனாவை நான் மூன்று தடவை சரி பண்ணியிருந்தேன். மூன்று தடவையும் கீறுகிறது என்று திருப்பிக் கொண்டுவந்தார். ஹெச்.எம்.மிடம் போய் நீங்கள் பிடிக்கிற விதம் தப்பு என்று சொல்ல முடியுமா? பேனாவுக்கே வயசாகிவிட்டது என்று சொல்லிவைத்தேன். ஒரு திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமுக்கு வந்தவர் அதே பேனாவால் என் எதிரிலேயே சர்க்குலரில் கையெழுத்துப் போட்டார். சத்தமே இல்லை. "உங்க எதிர் வீட்டம்மாதான். கால் மணி நேரம்" என்றார். அன்றைக்கு மத்தியானம் எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை.

என்னதான் செய்கிறாள் என்று பார்க்கப் போனேன். ஹெச்.எம். வீட்டுக்குப் பக்கத்து வீட்டம்மா ஒருத்தி பேனாவோடு வந்திருந்தாள். எங்கள் வீடுகளின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சின்ன சிமெண்ட் தாழ்வாரம் இருக்கும். அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பழைய பரீட்சை அட்டை, நீளமான ஒரு நோட்டு. அவ்வளவுதான் பட்டறை. என்னிடம் இருந்ததில் பாதிச் சாமான்கூட இல்லை. பல் டாக்டர்கள் வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடி ஒன்றும், மெருகு போடுகிற ரப்பர் வில்லை நாலைந்தும் ஒரு பவுடர் டப்பாவில் இருந்தன.

வந்தவள் பேனாவை நீட்டினாள். இவள் வாங்கவே இல்லை. நோட்டைத் தள்ளி, வீட்டில் தினமும் என்ன எழுதுவீர்களோ அதை எழுதுங்கள் என்றாள். அந்தம்மா மளிகை லிஸ்ட் எழுதினாள். இவள் பேனாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். மணிக்கட்டு எங்கே படுகிறது, எந்த விரல் அழுத்துகிறது, "ழ" போடும்போது முழங்கை எப்படித் திரும்புகிறது என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் முடிகிற வரைக்கும் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பேனாவை வாங்கினாள். வாங்கி, அந்தம்மா பிடித்த மாதிரியே பிடித்துக்கொண்டாள். அதே சாய்வு, அதே அழுத்தம், சுண்டுவிரல் மடங்குகிற அதே மடங்கல். எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. வந்தவளின் கையைக் கழற்றி இவள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்தக் கையோடே இழைத்தாள், அந்தக் கையோடே எழுதிப் பார்த்தாள். கொடுத்துவிட்டாள்.

அவளுடைய சொந்தக் கையெழுத்து எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவள் எழுதுவது பால்பாயிண்ட் பேனாவில். கேட்டதற்கு, "எனக்கு என்னா டீச்சர், கேஸ் சிலிண்டர் நம்பர் எழுதணும், பால் நோட்டு எழுதணும், அதுக்கு இது போதும்" என்றாள். இப்படிப்பட்டவளிடம் போட்டி போடுவது எப்படி? அவளுக்குப் பேனா மேல் ஆசைகூட இல்லை. ஆசை முழுக்க என்னிடம் இருந்தது, கை அவளிடம் இருந்தது.

ஆறு மாதத்தில் என் சாப்பாட்டு மேசை வெறும் சாப்பாட்டு மேசை ஆகிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளே அவளிடம் போயின. பேனாவை யாரிடமாவது கொடுத்தனுப்பினால் தொட மாட்டாள். "கையைக் கூட்டிக்கினு வாங்க" என்பாள். அது பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. மெயின் பஜாரில் கறிவேப்பிலை வாங்குகிற இடத்தில்கூட ஒருவர் இன்னொருவரிடம் அதைச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். நான் கறிவேப்பிலை வாங்காமல் வந்துவிட்டேன்.

அவளைச் சோதித்துப் பார்க்கப் போனது என் புத்திகெட்டதனம். என்னுடைய ஒரு பேனாவில் முள்ளின் ஒரு காலை நானே லேசாகத் தூக்கிவிட்டேன். எடுத்துக்கொண்டு போய், நெல்லிக்குப்பத்தில் என் தங்கச்சி இருக்கிறாள், அவளுடையது, அவளால் வர முடியாது, சரி பண்ணிக் கொடுங்கள் என்றேன். அவள் மரியாதையாக மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பேனாவைத் தொடவில்லை.

"பக்கத்து வூட்டுக்காரரு பல்செட்டை எடுத்துக்கினு வந்து, நீ கடிச்சிப் பாத்து சரி பண்ணிக் குடுன்னா ஆவுமா டீச்சர்?" என்றாள். "உங்க தங்கச்சி வரும்போது வரச் சொல்லுங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

கிண்டலே இல்லாமல் சொன்னாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மோரைக் குடித்துவிட்டு வந்தேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில், அந்தம்மா நுனியிலிருக்கிற உலோகத்தையே தேய்த்து எடுத்துவிடுகிறாள், இரண்டு வருஷத்தில் பேனா மொட்டையாகப் போகும் பாருங்கள் என்று சொன்னேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். சொல்லும்போது நாக்கு கூசக்கூட இல்லை. இரண்டு பேர் நம்பினார்கள். அந்த வாரம் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

இனிமேல்தான் விஷயம். என் வீட்டுக்காரர் மைன்ஸில் ஆபரேட்டர். சுரங்கம் தோண்ட எடுத்துக்கொண்ட ஒரு கிராமம் அவருடையது. நிலம் கொடுத்ததில் கிடைத்த வேலை. முதல் ஷிஃப்ட் என்றால் மத்தியானம் இரண்டே முக்காலுக்கு வீட்டில் இருப்பார். அந்த வாரம் தினமும் மூன்றரை ஆனது. கேட்டால் பஸ் லேட் என்றார். வியாழக்கிழமை எனக்கு அரை நாள். வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் மேல் வீட்டம்மா துணி எடுக்க இறங்கியவள், "உங்க வீட்டுக்காரர் அந்த அம்மா வீட்டுப் பின்பக்கம் உட்கார்ந்திருக்காரே, பைப் ஏதாவது ரிப்பேரா?" என்றாள். கண்ணை வேறு ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. செருப்பைக்கூட மாட்டவில்லை. ரோட்டைத் தாண்டி, சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். போகும்போதே என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டேன். அவள் வீட்டுக்காரருக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட், ராத்திரிதான் வருவார் என்பது வரை ஞாபகத்தில் வந்தது. முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன்.

ஸ்டூலில் இவர் உட்கார்ந்திருந்தார். யூனிஃபார்ம் முழுக்க மைன்ஸ் மண். மடியில் பரீட்சை அட்டை. எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பழுப்பேறிய மனுத்தாள் ஒன்று விரித்து, காற்றில் பறக்காமல் அதன்மேல் பவுடர் டப்பா வைத்திருந்தது. அந்த எழுத்து எனக்குத் தெரியும். என் மாமனார் எழுத்து. ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் தாலுக்கா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் மனு எழுதிக் கொடுத்தவர் அவர். இவர் கையில் இருந்ததும் மாமனாருடைய பச்சைப் பேனாதான்.

அந்தப் பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமனார் இறந்த பிறகு இவருக்கு வந்தது அது ஒன்றுதான். கொஞ்ச நாள் சட்டைப் பையில் வைத்திருந்தார். நான் ஒருநாள் எடுத்து எழுதிப் பார்த்தேன். தகரத்தில் ஆணியால் கிழிக்கிற மாதிரி இருந்தது. நுனி ஒரு பக்கமாகக் கோணலாகத் தேய்ந்து பட்டையாகிக் கிடந்தது. மாமனாரின் முதல் வருஷ நினைவு நாளுக்கு இவருக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இழைத்தேன். அந்தக் கோணலை எடுத்தேன், உருட்டாக்கினேன், மெருகேற்றினேன். நான் செய்ததிலேயே அதுதான் பெரிய வேலை. கையில் கொடுத்தபோது ஒரு கோடு மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு, "அருமையா இருக்கு" என்றார். பிறகு பீரோவில் வைத்துவிட்டார். தொலைந்துவிடுமே என்று பயம் என்றார். அப்பா பேனா மேல் எவ்வளவு பக்தி பாருங்கள் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

இப்போது முருங்கை மரத்துக்கு இந்தப் பக்கம் நின்று அவர் கையைப் பார்த்தேன். பேனாவை உள்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார். கட்டைவிரல் மேலே ஏறி, மற்ற விரல்களைக் கட்டிப்போட்ட மாதிரி கிடந்தது. அப்பா கையைப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டவர். அந்த வீட்டில் பேனா பிடிக்கிற விதம் அதுதான் போலிருக்கிறது. கல்யாணத்தைப் பதிவு பண்ணப் போனபோது அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து, மம்பட்டி பிடிக்கிற மாதிரி பிடிக்கிறீங்களே என்று நான் சிரித்தேன். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினாறு வருஷம். அதற்கப்புறம் அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. பையனுடைய ரிப்போர்ட் கார்டுக்குக்கூட, "நீயே போடும்மா, நீதான டீச்சரு" என்பார். அன்பில் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அவள் இரண்டு முழம் தள்ளி, தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் நடந்தது. வேறு ஏதாவது நடந்திருந்தால் தலைமுடியைப் பிடித்திருப்பேன், அவருடைய சட்டையைப் பிடித்திருப்பேன், அழுது ஊரைக் கூட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது? அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. யாரும் தன்னைத் திருத்த மாட்டார்கள் என்கிற நிம்மதி.

அவள்தான் என்னை முதலில் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, பதறவில்லை. "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றாள். இவர்தான் பேனாவை மூடினார். திருடினவர் மாதிரி மூடினார்.

நான் இழைத்துக் கொடுத்த பேனாவாச்சே, யார் இதைக் கெடுத்தது என்று அவளிடம் கேட்டேன். என் வாயாலேயே கேட்டேன்.

"கெடுத்ததுன்னு சொல்லக் கூடாது டீச்சர். இவ்ளோ சுத்தமா நான்கூட இழைக்க மாட்டேன். நல்ல வேலை. ஆனா உங்க கைக்குப் போட்டுட்டீங்க." அவரிடமிருந்து பேனாவை வாங்கித் திறந்து நுனியைக் காட்டினாள். "ஒரு ஓரத்துல பழைய பட்டை கொஞ்சம் மிச்சம் இருந்துச்சி. பெரியவரு எழுத்தையும் அண்ணன் கையையும் வச்சிப் பாத்துக்கினு, அதப் புடிச்சிக்கினு போறேன். இன்னும் ரெண்டு நாள் ஆவும்."

நல்ல வேலை என்றாளே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அவர் குளித்துவிட்டு வந்தார். சாப்பாடு போட்டேன். அவர் பாதி சாப்பிட்டபோது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குழம்பைப் பிசைந்துகொண்டே, "ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து ஆசையா செஞ்ச. அத எப்டி சொல்றது" என்றார். அத்தனை வருஷம் அந்தப் பேனா பீரோவில் கிடந்தது. அவர் அப்பா எழுதின பேனாவை அவருக்கு எழுத முடியாமல் பண்ணிவிட்டு, நான் அதற்குப் பெருமையும் பட்டுக்கொண்டேன். இதைக்கூட அவளிடம்தான் முதலில் சொல்லியிருக்கிறார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தப்பு என்னுடையது என்பது இரண்டாவதாகத்தான் உறைத்தது.

சனிக்கிழமை பேனா முடிந்து வந்தது. அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். நான் அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். அவள் குறைக்கவில்லை. பலாப்பழம் வந்தால் பாதியை அறுத்து அனுப்புவாள், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்து, கொட்டையைத் தனியாகக் கட்டி. அந்தச் சுளையைத் தின்னும்போதும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் மிச்சம் வைத்ததில்லை.

அடுத்த வருஷம் அவள் வீட்டுக்காரருக்கு ராஜஸ்தான் பக்கம் மாற்றல் வந்தது. லாரியில் சாமான் ஏற்றுகிற அன்றைக்குப் பிளாக்கே கூடி நின்றது. ஹெச்.எம். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. புறப்படும்போது அவள் என்னிடம் வந்து, இனிமே எல்லாரும் உங்ககிட்டதான் வருவாங்க டீச்சர், பாத்துக்குங்க என்றாள். வந்தார்கள். வருகிறார்கள். நானும் இப்போது நோட்டைத் தள்ளி எழுதச் சொல்கிறேன். கையைப் பார்க்கிறேன். கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது. பேனாக்கள் திரும்பி வருவது நின்றுவிட்டது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இவர் ஹாலில் தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கிராமத்துக் கோயிலைப் புது இடத்தில் கட்டுவதற்கு ஊர்க்காரர்களுக்காக ஒரு மனு. நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். பேனா போகிற சத்தமே கேட்கவில்லை. எனக்கு ஒரு ஆசை வந்தது. அவள் பார்த்த மாதிரி நானும் அந்தக் கையை ஒரு பக்கம் முடிகிற வரைக்கும் பார்க்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு போய், அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பேனா நின்றது. என்ன என்றார். ஒன்றுமில்லை, நீங்க பாட்டுக்கு எழுதுங்க, சும்மா பார்க்கிறேன் என்றேன்.

சரி என்று குனிந்தார். குனிந்தவர், கட்டைவிரலை மெதுவாகக் கீழே இறக்கினார். பேனாவை வெளிப்பக்கம் திருப்பினார். இரண்டு விரல் மேலே, ஒரு விரல் கீழே, நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, ஒரு பிசகில்லாமல் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியில் எழுதத் தொடங்கினார்.

பேனா கீறியது. தாள் கிழிகிற மாதிரி கீறியது. "இப்ப சரியாப் புடிக்கிறனா?" என்றார், நிமிராமல்.

நான் எழுந்து சமையலறைக்குப் போய்க் கதவை ஒருக்களித்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கீறுகிற சத்தம் நின்றுவிட்டது; தாளைத் திருப்புகிற சத்தம் மட்டும் வந்தது.